சூதாடிப் பையன், அதிர்ஷ்ட மந்திரம்: டி அண்ட் டில இந்த கேரக்டர எந்த வரிசைல கட்டணும்

டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து டைஸ் உருட்டி கதை ஆடுற விளையாட்டு. எங்க டேபிள்ல (ஆடுற கூட்டத்துல) நான்தான் டிஎம், அதாவது கதைய நடத்துறவன். இதுவரைக்கும் நாலு பேர் கிட்டத்தட்ட ஒரே கேரக்டர கேட்டு வந்திருக்காங்க: சின்னப் பையன், சூதாடி, மந்திரம் வரும் ஆனா என்ன வரும்னு அவனுக்கே தெரியாது. நாலுல மூணு பேரு அஞ்சாறு செஷன்லயே "ப்ரோ போர் அடிக்குது, வேற கேரக்டர் எடுத்துக்கவா"ன்னு கேட்டுட்டாங்க. கேரக்டர் மேல தப்பில்ல, கட்டின வரிசைதான் தப்பு. எல்லாரும் மொதல்ல பத்து பக்கத்துக்கு பேக்ஸ்டோரி எழுதுவாங்க, அப்புறம் ஸ்டாட் (பலம், அறிவு மாதிரி குணங்களுக்கு எண்) போடுவாங்க, டிஎம் கிட்ட ரூல் பேசுறது கடைசி. இது அப்படியே தலைகீழா நடக்கணும்.

நாலாவதா வந்தவன் நின்னு ஆடினான். அவன் கேரக்டர் பேரு சில்லறை, கீழ உதாரணம் எல்லாம் அவனோடதுதான்.

0. உக்கார்றதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

டைஸ் ஒரு செட் (டி10னா பத்து முகம், டி20னா இருபது முகம், 8டி6னா ஆறு முக டைஸ் எட்ட உருட்டி கூட்டுறது), அதுல டி10 ரெண்டு வேணும், ஒண்ணு பத்துப் பத்தா எண் போட்டது. அது போக வேற கலர்ல தனியா ஒரு டி20. வைல்ட் மேஜிக் டேபிளோட (எந்த எண் விழுந்தா என்ன கூத்து நடக்கும்னு சொல்ற பட்டியல்) பிரிண்ட் அவுட். ஒரு ரூபாய் நாணயம், எந்த மதிப்பா இருந்தாலும் சரி. பென்சில், பேனா இல்ல, பென்சில். நாணயமும் பென்சிலும் எதுக்குன்னு பின்னாடி வரும்.

1. எந்த ரூல்புக்குனு மொதல்ல முடிவு பண்ணுங்க

நாம எடுக்கப்போறது சோர்சரர் கிளாஸ் (பிறவியிலயே மந்திரம் வர்ற ஆள்), அதுல வைல்ட் மேஜிக் சப்கிளாஸ் (உட்பிரிவு). 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல இது லெவல் 1லயே கிடைச்சிடும், 2024 புக்ல லெவல் 3 வரைக்கும் காத்திருக்கணும். ஸ்பெல் (மந்திரம்) போட்டதும் 2014ல டி20ல 1 விழுந்தா ஸர்ஜ் (மந்திரம் தறிகெட்டுப் போறது), 2024ல 20 விழுந்தா ஸர்ஜ். புதுசா வர்றவங்க ஒரு வீடியோவ பாத்து ஒண்ணையும் இன்னொரு வீடியோவ பாத்து இன்னொண்ணையும் எடுத்து கலந்து வெச்சுக்கிட்டு, ரெண்டாவது செஷன்ல டேபிள்ல சண்டை போடுவாங்க.

இந்த வழிகாட்டி முழுக்க 2014 ரூல்தான். எனக்கு அதுதான் பிடிக்கும், ஏன்னா நம்ம தாயத்துல ஒண்ணு விழுந்தாதானே காய் இறங்கும், இங்கயும் அதே மாதிரி ஒண்ணு விழுந்தாதான் கூத்து ஆரம்பிக்கும்.

2. டிஎம் கிட்ட பேசி முடிங்க (இத விட்டா மீதி எல்லாம் வேஸ்ட்)

ரூல் என்ன சொல்லுதுன்னா, நீங்க லெவல் 1 இல்ல அதுக்கு மேல உள்ள சோர்சரர் ஸ்பெல் ஒண்ணு போட்டதும், டிஎம் நினைச்சா உங்கள ஒரு டி20 உருட்டச் சொல்லலாம். 1 விழுந்தா டி100 (ரெண்டு டி10 சேத்து 1ல இருந்து 100 வரைக்கும்) உருட்டி டேபிள்ல என்ன வருதோ அது நடக்கும். "டிஎம் நினைச்சா"ங்கற இடத்துலதான் எல்லாம் மாட்டுது. நான் அஞ்சு பேரோட கேரக்டர பாத்துக்கணும், எதிரி கோப்ளின் எட்டு பேருக்கு டைஸ் உருட்டணும், நடுவுல உங்க ஸர்ஜ் எனக்கு ஞாபகம் வராது, மறந்தே போயிடும், எந்த டிஎம்முக்கும் மறக்கும்.

ஞாபகம் வந்தாலும் கணக்கு உங்களுக்கு சாதகமா இல்ல. 1 விழ வாய்ப்பு 5 சதவீதம். இருபது ஸ்பெல் போட்டும் ஒரு தடவ கூட ஸர்ஜ் வராம போக 36 சதவீதம் வாய்ப்பு இருக்கு. லெவல் 1ல ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்லாட்தான் (ஸ்லாட்னா ஸ்பெல் போட செலவாகுற கோட்டா), அப்போ இருபது ஸ்பெல்னா கதைக்குள்ள பத்து நாளு. எங்க டேபிள்ல பத்து நாள் ஓட ரெண்டு மூணு மாசம் ஆகும். போர் அடிக்காம என்ன செய்யும்?

அதனால மூணு விஷயம் கேட்டு வாங்கிக்கோங்க:

மொதல் விஷயம், "டி20 உருட்டச் சொல்லி நீங்க கேக்க வேணாம், நானே ஒவ்வொரு ஸ்லாட் ஸ்பெல்லுக்கும் உருட்டிக்கிறேன்"னு டிஎம் கிட்ட சொல்லிடுங்க. வேற கலர் டி20 இதுக்குத்தான். தாக்குதல் டைஸோட சேத்து அதையும் ஒரே கைல உருட்டிடுங்க, நேரம் போகாது, மறக்கவும் மறக்காது. கேன்ட்ரிப்புக்கு (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரம்) உருட்டக் கூடாது, அது கணக்குல வராது.

ரெண்டாவது, டைட்ஸ் ஆஃப் கேயாஸ். இந்த சப்கிளாஸோட உயிரே இதுதான். ஒரு தாக்குதல், செக் (ஒரு வேலை பலிக்குதான்னு உருட்டுறது), இல்ல சேவிங் த்ரோ (ஆபத்துல இருந்து தப்ப உருட்டுறது, சுருக்கமா சேவ்), இதுல ஏதாவது ஒண்ணுக்கு அட்வான்டேஜ் (ரெண்டு டி20 உருட்டி பெருச வெச்சுக்கிறது) எடுத்துக்கலாம். திரும்பக் கிடைக்க லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுக்கணும், ஆனா அதுக்கு முன்னாடியே நீங்க ஸ்லாட் ஸ்பெல் போட்டா டிஎம் நேரா டேபிள உருட்டச் சொல்லலாம், உருட்டினதும் டைட்ஸ் திரும்ப வந்துடும். இங்கயும் "சொல்லலாம்"தான். "டைட்ஸ் யூஸ் பண்ணிட்டா அடுத்த ஸ்லாட் ஸ்பெல்லுக்கு கட்டாயம் டேபிள்"னு பேசி வெச்சுக்கோங்க. இது ஒண்ணுக்கு ஒத்துக்காத டிஎம் கிட்ட இந்த கேரக்டர எடுக்காதீங்க, வேற கிளாஸ் பாருங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

மூணாவது, ஃபயர்பால். டேபிள்ல 07-08 விழுந்தா உங்களையே நடுவுல வெச்சு ஒரு ஃபயர்பால் வெடிக்கும், 8டி6, சராசரி 28. சில்லறையோட எச்பி (உயிர்ப் புள்ளி) லெவல் 1ல வெறும் 8. சேவ் தவறினா 28ல 8 போக மிச்சம் 20, மிச்சம் மொத்த எச்பி அளவு இருந்தாலே அங்கயே சாவு, டெத் சேவ் (மயங்கிக் கிடக்கறப்போ பிழைக்க உருட்டுறது) கூட கிடையாது. பக்கத்துல நிக்கிற ஃபிரெண்டுக்கும் அதே கதிதான். எங்க டேபிள்ல லெவல் 3 வரைக்கும் இது 2டி6னு பேசிக்கிட்டோம். அதிகபட்சம் 12, சில்லறை மயங்கி விழுவான் ஆனா செத்துப்போக மாட்டான். "அப்படியே இருக்கட்டும், அதுதான் சூது"ன்னு சொல்ற ஆளும் உண்டு. அப்படின்னா மத்த பிளேயர்களும் தலையாட்டணும், ஏன்னா பந்தயத்துல வெக்கிறது அவங்க தலையையும் சேத்துத்தான்.

இன்னும் கொஞ்சம் காரம் வேணும்னா, பல டேபிள்ல இருக்கிற ஒரு வழக்கம்: மொதல் ஸ்பெல்லுக்கு 1 விழுந்தா ஸர்ஜ், வரலைன்னா அடுத்த ஸ்பெல்லுக்கு 1 இல்ல 2, அதுக்கடுத்து 3 வரைக்கும், இப்படி ஏறிக்கிட்டே போய் ஸர்ஜ் வந்ததும் திரும்ப 1க்கு வரும். இது புக்ல இல்ல, நீங்களா பேசிக்கிறது.

3. இனமும் ஸ்டாட்டும்

லைட்ஃபுட் ஹாஃப்லிங் (குள்ளமான ஒரு இனம்) எடுங்க. டெக்ஸ் (சுறுசுறுப்பு) 2 ஏறும், கரிஸ்மா (வசீகரம்) 1 ஏறும், சோர்சரருக்கு ரெண்டுமே வேணும். ஹாஃப்லிங்குக்கு லக்கினு ஒரு குணம் இருக்கு, 1 விழுந்தா திரும்ப உருட்டிக்கலாம். ஹாஃப்லிங் வளந்த ஆளா ஆகுறது 20 வயசுல, அதனால 19னு போட்டா ஊர் கண்ணுக்கு இன்னும் பொடியன்தான்.

சில்லறைக்கு போட்டது: கரிஸ்மா 16, டெக்ஸ் 15, கான் (உடம்பு தாங்குற சக்தி) 14, விஸ்டம் 12, இன்ட் (அறிவு) 10, ஸ்ட்ரெங்த் 8. கான்ல கைய வெச்சு குறைக்காதீங்க, டி6 ஹிட் டைஸ் உள்ள கிளாஸ் இது, எச்பி கம்மி.

இங்க எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. "ஹாஃப்லிங் லக்கி 1அ திரும்ப உருட்ட வெக்கும், அப்போ ஸர்ஜுக்கு 1 விழுந்தா அதையும் திரும்ப உருட்டணுமா, எனக்கு ஸர்ஜே வராதா?" நாலு பேருமே கேட்டாங்க. வரும். லக்கி தாக்குதல், செக், சேவ் இந்த மூணுக்கு மட்டும்தான், ஸர்ஜ் உருட்டல் இதுல எதுவும் இல்ல. அதனால பையன் எந்த வேலை செஞ்சாலும் சொதப்புறது கம்மி, மந்திரம் மட்டும் அவன் பேச்ச கேக்காது, கதைக்கும் அதுதான் அழகு.

4. பின்னணியும் சூதாட்ட ஸ்கில்லும்

பேர பாத்துட்டு சார்லட்டன் (ஏமாத்துக்காரன்) பேக்ரவுண்ட எடுத்துடுவாங்க. அதுல வேஷம் போடுற கிட்டும் கையெழுத்து ஃபோர்ஜ் பண்ற கிட்டும்தான் வரும், கேமிங் செட் (சூதாட்ட டைஸ், சீட்டு) ப்ரொஃபிஷியன்ஸி (தேர்ச்சி) வராது. கிரிமினல் எடுங்க, அதுல கேமிங் செட் ஒண்ணு, டிசெப்ஷன் (ஏமாத்திப் பேசுறது), ஸ்டெல்த் (பதுங்குறது) எல்லாம் வருது. ஆனா அந்த செட் பொருளா கைல வராது, ப்ரொஃபிஷியன்ஸிதான் வரும். டைஸ் செட் விலை 1 வெள்ளிக்காசு, மறக்காம வாங்கிக்கோங்க. டைஸ் இல்லாத சூதாடிய நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்.

சோர்சரர் லிஸ்ட்ல இருந்து ரெண்டு ஸ்கில் எடுக்கலாம், இன்ஸைட் (எதிராளி மனச படிக்கிறது), பெர்சுவேஷன் (பேசி சம்மதிக்க வெக்கிறது) எடுங்க. காரணம் எட்டாவதுல வரும்.

பேக்ஸ்டோரி இப்போதான் எழுதணும், அதுவும் மூணே வரி. யாருக்கு கடன், எவ்வளவு, எப்போ குடுக்கணும். சில்லறை எழுதினது: "துறைமுகத்துல சூதாட்டக் கடை நடத்துற கிழவிக்கு 50 தங்கக்காசு. அடுத்த பௌர்ணமி. அவ என் டைஸ பிடுங்கி வெச்சுக்கிட்டா." பத்து பக்கம் எழுதினா நான் படிப்பேன், ஆனா செஷன்ல எனக்கு கை குடுக்குறது இந்த மாதிரி மூணு வரிதான், ஏன்னா அந்தக் கிழவிய நான் எந்த ஊர்ல வேணாலும் கொண்டுவந்து நிறுத்தலாம்.

5. ஸ்பெல்

லெவல் 1ல ரெண்டு ஸ்பெல் தெரியும். கேயாஸ் போல்ட், ஷீல்டு.

கேயாஸ் போல்ட் 2017ல வந்த ஜனதார் புக்ல (Xanathar's Guide to Everything) இருக்கு, டிஎம் அந்த புக்க ஒத்துக்கணும். பட்டா 2டி8 கூட 1டி6 டேமேஜ். ரெண்டு டி8ல ஒண்ண நீங்க தேர்ந்தெடுப்பீங்க, அதுல விழுந்த எண்தான் எந்த வகை டேமேஜ்னு சொல்லும்: 1 ஆசிட், 2 குளிர், 3 நெருப்பு, இப்படி 8 வரைக்கும். ரெண்டு டி8லயும் ஒரே எண் விழுந்தா, எட்டுக்கு ஒண்ணு வாய்ப்பு, போல்ட் 30 அடிக்குள்ள இருக்கிற இன்னொருத்தன் மேல தாவும், அவனுக்கு புதுசா தாக்குதல் உருட்டணும். டேபிள்ல இருக்கிற எல்லாரும் எந்திரிச்சு நின்னு டைஸ பாக்குற ஒரே ஸ்பெல் இது.

ஷீல்டு ஏன்னா அது ரியாக்‌ஷன். எதிரியோட டர்ன்லயும் நீங்க ஸ்லாட் செலவு பண்றீங்க, அதுவும் ஸர்ஜ் உருட்டலுக்கு கணக்கு. உயிரையும் காப்பாத்தும், கூத்தும் நடக்கும்.

கேன்ட்ரிப் நாலு: ஃபயர் போல்ட், மேஜ் ஹேண்ட், மைனர் இல்யூஷன், பிரெஸ்டிடிஜிடேஷன். ஃபயர் போல்ட் கட்டாயம், ஸ்லாட் ரெண்டும் தீந்ததும் அதுதான் சோறு போடும்.

நிக்கிற இடம் முக்கியம். கேயாஸ் போல்ட் 120 அடி போகும், ஃபயர்பால் உங்கள சுத்தி எல்லாப் பக்கமும் 20 அடிக்கு எரிக்கும். கூட்டாளிங்கள விட்டு 25 அடி தள்ளி நில்லுங்க. ஹீலர் கிட்ட ஒட்டிக்கிட்டு நிக்கிறதுதான் புதுசா வர்றவங்க பழக்கம், இந்த கேரக்டருக்கு மட்டும் அது ஆகாது, ஹீலரும் சேந்து எரிஞ்சா யாரு எழுப்புவா?

6. பூவா தலையா: டைட்ஸ எப்படி ஓட்டுறது

நாணயத்த எடுத்து கேரக்டர் ஷீட்டுக்கு முன்னாடி தலை மேல வர்ற மாதிரி வைங்க. தலைன்னா டைட்ஸ் கைல இருக்கு. யூஸ் பண்ணதும் பூவுக்கு திருப்புங்க. பூன்னா நீங்க கடன்காரர், டிஎம் எப்ப வேணாலும் வசூல் பண்ணலாம். அடுத்த ஸ்லாட் ஸ்பெல், டேபிள் உருட்டல், திரும்பவும் தலை. இது சில்லறை கண்டுபிடிச்ச ஐடியா, அஞ்சு ரூபா காசுல பண்ணான், எனக்கு எதிர்ல உக்காந்து இருந்ததால பூ தெரிஞ்சதும் என் கண்ணு தன்னால அங்க போகும், அதுக்கப்புறம் நான் ஒரு தடவ கூட மறந்ததில்ல.

இப்போ ரொம்ப முக்கியமான தப்பு. எல்லாரும் டைட்ஸ "பெரிய சண்டைக்கு வெச்சுக்கலாம்"னு பொத்திப் பொத்தி வெப்பாங்க. கடைசில பெரிய சண்டை வந்து ஒரு தடவ யூஸ் பண்ணுவாங்க, அதோட நாள் முடிஞ்சிடும். தலை மேல இருக்கிற நாணயத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. காலைல மொதல் பூட்ட திறக்கறப்பவே, மொதல் காவல்காரன் கிட்ட பொய் சொல்றப்பவே செலவு பண்ணிடுங்க. அப்பத்தான் அடுத்த ஸ்பெல்லுல டேபிள் உருளும், டைட்ஸ் திரும்ப வரும், திரும்ப செலவு பண்ணலாம். சில்லறை ஒரே நாள்ல மூணு தடவ சுத்த விட்டான், அதுக்கு முன்னாடி ஆடின மூணு பேரும் ஒரு கேம்பெயின் முழுக்க மூணு தடவ யூஸ் பண்ணிருந்தா அதிசயம்.

உருட்டறதுக்கு முன்னாடியே "டைட்ஸ் எடுக்குறேன்"னு சொல்லிடணும். டைஸ் விழுந்ததுக்கப்புறம் "ஐயோ, டைட்ஸ் இருந்துச்சே"ன்னா செல்லாது.

டி100 படிக்கிற விதம்: பத்து எண் டைஸ்ல 30, ஒத்த எண் டைஸ்ல 5ன்னா 35. 00, 0 ரெண்டும் சேந்து விழுந்தா அது நூறு, பூஜ்யம் இல்ல. டேபிள்ல அது 99-00 வரிசை, செலவான சோர்சரி பாயின்ட் (பின்னாடி லெவல்ல ஸ்பெஷல் வித்தைக்கு செலவு பண்றது) எல்லாம் திரும்ப வரும், நல்ல உருட்டல்.

7. டேபிள்ல விழுந்தத உடனே அழிக்கப் பாக்காதீங்க

சில்லறை ஒரு பாலத்து மேல நின்னு கேயாஸ் போல்ட் போட்டான், நாணயம் பூவுல இருந்துச்சு, உருட்டினா 35. வயசு மாறும், டி10 உருட்டணும், ஒத்தைப்படைன்னா வயசு குறையும், ரெட்டைன்னா கூடும். 9 விழுந்துச்சு. பத்தொன்பது வயசுப் பையன் பத்து வயசாயிட்டான். ரூல்ல ஸ்டாட் எதுவும் மாறல. ஆனா அந்த ராத்திரி போன ஊர்ல சூதாட்டக் கடை வாசல்லயே "தம்பி, வீட்டுக்குப் போ"ன்னு அனுப்பிட்டாங்க.

பிளேயர் மொகம் சுண்டிப் போச்சு, "இத மாத்த ஸ்பெல் இருக்கா?"ன்னு கேட்டான். ரெண்டு செஷன் பொறுத்துக்கோனு சொன்னேன். அப்புறம் பாத்தா கூட்டாளிங்கள்ல இருந்த பார்பேரியன (முரட்டு வீரன் கேரக்டர்) அப்பாவா நடிக்க வெச்சு, மேசைல அவர உக்கார வெச்சு, மடில இவன் உக்காந்துக்கிட்டு எந்த சீட்ட இறக்கணும்னு கைல கிள்ளிக் கிள்ளி சொல்லிக் குடுத்தான். எங்க டேபிள்ல இன்னைக்கும் பேசுற சீன் அதுதான்.

நீலத் தோல், இறகு தாடி, பேசினா பிங்க் கலர் குமிழி, எது வந்தாலும் கொஞ்ச நேரம் அதோட வாழ்ந்து பாருங்க. உடனே சரி பண்ணிட்டா டேபிள உருட்டினதுக்கே அர்த்தமில்ல.

8. நிஜ சூதாட்டம்: ஓய்வு நாள்ல

இதுவும் ஜனதார் புக்தான். கதைக்குள்ள ஒரு வேலை வாரம் செலவு பண்ணணும், பந்தயம் 10ல இருந்து 1000 தங்கக்காசு வரைக்கும். மூணு செக்: இன்ஸைட், டிசெப்ஷன், இன்டிமிடேஷன் (மிரட்டல்). ஒவ்வொண்ணுக்கும் டிசி (எட்ட வேண்டிய எண்) தனித்தனியா, 5 கூட 2டி10. இதுல எந்த ஸ்கில்லுக்கு பதிலாவும் கேமிங் செட் ப்ரொஃபிஷியன்ஸிய வெச்சுக்கலாம். நாலாவதுல பெர்சுவேஷன எடுக்கச் சொன்னது அதனாலதான்: இன்டிமிடேஷன் இடத்துல கேமிங் செட் உக்காந்துக்கும், ஒரு ஸ்கில் மிச்சம். மூணடிப் பொடியன் மிரட்டி எவன் பயப்படப் போறான்.

மூணுமே ஜெயிச்சா பந்தயத்துக்கு மேல ரெண்டு மடங்கு, ரெண்டு ஜெயிச்சா மேல பாதி, ஒண்ணுன்னா பந்தயத்துல பாதி போச்சு, ஒண்ணுமே இல்லன்னா முழுசும் போய் அதே அளவுக்கு கடனும் ஏறும். சில்லறையோட ஸ்டாட்டுக்கு டிசெப்ஷன்ல சரி பாதி வாய்ப்பு, இன்ஸைட்ல 40 சதவீதம். ஹாஃப்லிங் லக்கி இங்க வேலை செய்யும், இது செக் ஆச்சே, ஆனா அதையும் சேத்துப் பாத்தாலும் பாதிக்கு கொஞ்சம் மேலயே தோக்குற பக்கம்தான் விழும். அதனால கடன் அடைக்க சூதாடாதீங்க. கதை வேணும்னா ஆடுங்க, வாரத்துக்கு 10 சதவீதம் வம்பு வர்ற வாய்ப்பும் அந்த ரூல்லயே இருக்கு. கிரிமினல் பேக்ரவுண்ட்ல ஆரம்பத்துல கிடைக்கிறது 15 காசு, மொதல் வாரமே 10அ வெச்சுட்டு தோத்துட்டு வந்து "எனக்கு கயிறு வாங்க காசில்ல"ன்னு அழாதீங்க.

இன்னொண்ணு, சீட்டு மேசைல மேஜ் ஹேண்ட ரகசியமா போடலாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. மந்திரம் வாய்விட்டு சொல்லணும், கைய ஆட்டணும். எதிர்ல இருக்கிறவன் குருடன் இல்ல. இதுக்கு வழி லெவல் 3லதான் வரும்.

9. லெவல் 3, 4, 6

லெவல் 3ல மெட்டாமேஜிக் (ஸ்பெல்ல வளைக்கிற வித்தை) ரெண்டு. சப்டில் ஸ்பெல் எடுங்க, ஒரு சோர்சரி பாயின்ட் குடுத்தா வாயும் கையும் அசையாம மந்திரம் போகும், சகுனி வேலைக்கு இதுதான் சாவி. ரெண்டாவது எம்பவர்டு. டேமேஜ் டைஸ கரிஸ்மா அளவுக்கு திரும்ப உருட்டலாம், சில்லறைக்கு மூணு டைஸ் வரைக்கும். கேயாஸ் போல்ட்ல ஒரு டி8அ மட்டும் திரும்ப உருட்டி ஜோடி சேக்கப் பாக்கலாம்.

லெவல் 4ல லக்கி ஃபீட் (கூடுதல் திறமை) எடுக்கணும்னு கை அரிக்கும். வேணாம், கரிஸ்மாவ 18 ஆக்குங்க. ஹாஃப்லிங் லக்கி, டைட்ஸ் ரெண்டும் ஏற்கனவே இருக்கு, இதுல இன்னும் மூணு லக் பாயின்ட் வந்தா பையன் தோக்கவே மாட்டான், தோக்காத சூதாடிய யாருக்கு பிடிக்கும். டேபிளும் ஸ்லோ ஆகும்.

லெவல் 6ல பெண்ட் லக். ரெண்டு சோர்சரி பாயின்டும் உங்க ரியாக்‌ஷனும் குடுத்து, கண்ணுல படுற இன்னொருத்தர் உருட்டின தாக்குதல், செக், சேவ்ல ஒரு டி4 கூட்டலாம் இல்ல கழிக்கலாம். இன்னொருத்தர், உங்களோடது இல்ல. டைஸ் விழுந்ததுக்கப்புறம், அதோட விளைவு நடக்குறதுக்கு முன்னாடி சொல்லணும். அதனால டிஎம் எண்ண சொன்னதும் டக்குனு கைய தூக்குங்க. அப்போ உங்ககிட்ட 6 பாயின்ட், அதாவது நாளைக்கு மூணு தடவதான், சப்டிலும் அதே பர்ஸ்ல இருந்துதான் எடுக்கணும். ஃபிரெண்டோட டெத் சேவ்ல 9 விழுந்தா கூட்டுங்க, 4 விழுந்தா கைய கட்டிக்கிட்டு இருங்க, டி4ல எவ்வளவு விழுந்தாலும் 10 எட்டாது. இது கூட பாக்காம பாயின்ட எறியறவங்கதான் அதிகம்.

10. செஷன் முடிஞ்சதும்

நாணயம் எந்தப் பக்கம் இருந்துச்சுனு ஷீட்ல குறிச்சு வைங்க, அடுத்த வாரம் "தலைதான் இருந்துச்சு"ன்னு எல்லாரும் சாதிப்பாங்க. கிழவிக்கு பாக்கி எவ்வளவுன்னு எழுதுங்க. உயரமும் இந்த டேபிள்ல மாறும், தோல் கலரும் மாறும், அதுக்கெல்லாம் ஓரத்துல இடம் விட்டு வைங்க. வயச மட்டும் பேனால எழுதிடாதீங்க. சில்லறை ஷீட்ல அந்தக் கட்டம் அழிச்சு அழிச்சு ஓட்டை விழுந்து, இப்போ பின்னாடி செலோடேப் ஒட்டி வெச்சிருக்கான், கடைசியா பாத்தப்போ 14.